மடி நோய்க்கு ஆன்டிபயாடிக்: கொடுக்கிற காசுக்கு மருந்து கேட்க என்ன செய்யணும்

மாட்டுக்கு மடி வீங்கிவிட்டால் நம் ஆட்கள் முதலில் கேட்பது "எந்த ஊசி நல்லா கேட்கும்?" என்றுதான். பெங்களூர் ஈஜிபுராவில் வீட்டுக்குப் பின்னால் இரண்டு மாடு கட்டியிருப்பவரும் சரி, அத்திபெலே பக்கம் கொட்டகை போட்டுப் பத்து மாடு வைத்து சொசைட்டிக்கு ஊற்றுபவரும் சரி, பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கேட்ட மருந்தை செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டு கடையில் அதையே நீட்டுவார்கள். கேட்டுவிட்டால் டாக்டர் கைராசிக்காரர், கேட்காவிட்டால் மருந்து டூப்ளிகேட். மடிக்குள் இருப்பது எந்தக் கிருமி, அது வந்து எத்தனை நாளாகிறது, மாடு எத்தனையாவது ஈத்து, மருந்தை எப்படி எத்தனை நாள் கொடுத்தீர்கள், இந்த நாலும்தான் மருந்து கேட்பதைத் தீர்மானிக்கின்றன. மருந்தின் விலைக்கு இதில் பெரிய பங்கு இல்லை. டோஸ் எதையும் இங்கே எழுதப் போவதில்லை, அது மாட்டைத் தொட்டுப் பார்க்கும் டாக்டரின் வேலை. டாக்டர் வருவதற்கு முன்னும் வந்துபோன பின்னும் நம் கையில் இருக்கும் வேலையைத்தான் சொல்கிறேன், மருந்து வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் மாட்டைப் பாருங்கள், அப்புறம் மடியை, கடைசியில் பாலை. பால் மட்டும் திரிதிரியாகவோ நீர்த்தோ வருகிறது, மாடு வழக்கம்போல் தின்கிறது என்றால் லேசான நோய். மடியும் சேர்ந்து வீங்கி, சூடாகி, தொட்டால் உதைக்கிறது என்றால் நடுத்தரம். தீவனத்தைத் தொடவில்லை, காய்ச்சல் 104 டிகிரியைத் தாண்டுகிறது (மாட்டுக்கு 101.5 ஃபாரன்ஹீட் சாதாரணம்), கண் உள்ளே போய்விட்டது, காது சில்லென்று இருக்கிறது, பால் என்ற பெயரில் வெளிறிய தண்ணீர் வருகிறது, எழுப்பினால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது என்றால் அவசரம், மேற்கொண்டு படிக்காமல் உங்கள் டாக்டரையோ 1962 என்ற எண்ணையோ கூப்பிடுங்கள். எதிர்முனையில் கன்னடம் பேசினால் "கெச்சலு பாவு" என்று சொன்னால் போதும், புரிந்துகொள்வார்கள்.

இந்த மூன்றாவது வகைதான் ஒரே ராத்திரியில் மாட்டைச் சாய்ப்பது. பெரும்பாலும் சாணியிலும் ஈரத்தரையிலும் வாழும் ஈ.கோலை, கிளெப்சியெல்லா மாதிரிக் கிருமிகளின் வேலை. மாட்டைக் கொல்வது அந்தக் கிருமியின் மேலுறையில் இருக்கும் நஞ்சு. கிருமி செத்து உடையும்போதுதான் அது ஏராளமாக வெளியே வருகிறது. அதனால் ஆன்டிபயாடிக் கிருமியைக் கொன்றாலும், ஏற்கனவே ரத்தத்தில் கலந்துவிட்ட நஞ்சை ஒன்றும் செய்யாது. நரம்பு வழியாக டிரிப், தேவைப்பட்டால் கால்சியம், வீக்கமும் காய்ச்சலும் குறைய ஒரு வலிமருந்து, இவைதான் அந்த முதல் சில மணி நேரத்தில் மாட்டை நிறுத்துகின்றன. கிருமி ரத்தத்துக்குள்ளும் போயிருக்கலாம் என்பதால் ஆன்டிபயாடிக் ஊசியும் கூடவே போகும். "ஊசி போட்டாச்சே, ஏன் சார் பாட்டில் வேற?" என்று டாக்டரிடம் பேரம் பேசாதீர்கள்.

வலிமருந்து என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மாடுகளுக்கு டைக்ளோஃபெனாக் போடுவது 2006இலேயே தடை செய்யப்பட்டது, கீட்டோபுரோஃபெனும் அசெக்ளோஃபெனாக்கும் 2023இல் தடையாயின. இவற்றைப் போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. பெங்களூரிலிருந்து மைசூர் ரோட்டில் போனால் ராமநகரத்தில் ராமதேவர பெட்டா இருக்கிறதே, அது பாறுகளுக்கென்றே 2012இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம், அங்கே மிஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். மெலாக்சிகாம் இருக்கிறது, மடி நோய்க்கு நன்றாகவே வேலை செய்கிறது, பாறுகளுக்கும் ஆபத்தில்லை. மனிதருக்கு விற்கும் டைக்ளோஃபெனாக் ஊசியை வாங்கி மாட்டுக்குக் குத்தும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

சரி, மாடு நன்றாக நிற்கிறது, பால்தான் கெட்டிருக்கிறது அல்லது மடி கொஞ்சம் வீங்கியிருக்கிறது. அப்போது உங்களுக்கு ஒரு நாள் அவகாசம் இருக்கிறது. லேசான, நடுத்தர நோயில் பாலைச் சோதித்து என்ன கிருமி என்று பார்த்த பிறகு ஒரு நாள் தள்ளி மருந்து தொடங்கினாலும் மாட்டுக்குப் பெரிய நஷ்டம் வருவதில்லை, ஆன்டிபயாடிக் செலவு மட்டும் கணிசமாகக் குறைகிறது. காரணம், அனுப்பும் பாலில் ஒரு பங்கில் எந்தக் கிருமியும் வளராது, மாட்டின் உடம்பே அதை ஏற்கனவே விரட்டியிருக்கும். எந்த முடிவு எடுத்தாலும் சரி, காம்பு வழியாக ஏற்றும் முதல் மருந்து டியூபையோ முதல் ஊசியையோ போடுவதற்கு முன்னால் பால் மாதிரி எடுத்து வைத்துவிடுங்கள். மருந்து போன பிறகு எடுத்த பாலில் கிருமி வளராது, ரிப்போர்ட் "ஒன்றுமில்லை" என்று வரும், மாடு மட்டும் சரியாகாது.

மாதிரி எடுப்பதில் சுத்தம்தான் எல்லாம். மூடி போட்ட ஸ்டெரைல் டியூப் மருந்துக்கடையிலேயே கிடைக்கும், பழைய மருந்து பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், மடி அழுக்காக இருந்தால் கழுவி நன்றாகத் துடைத்து உலரவிடுங்கள், ஈரம் சொட்டும் காம்பிலிருந்து வருவது பாலோடு சாணித் தண்ணீரும்தான். முதல் மூன்று நாலு பீச்சை வெளியே விட்டுவிடுங்கள். பிறகு ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் காம்பின் நுனியை, பஞ்சு வெள்ளையாகவே வரும்வரை துடையுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட காம்பில் எடுப்பதென்றால் துடைக்கும்போது தூரத்துக் காம்பிலிருந்து தொடங்கி, பால் எடுக்கும்போது கிட்டத்துக் காம்பிலிருந்து தொடங்குங்கள், இல்லையென்றால் துடைத்த காம்பில் உங்கள் கை மறுபடி உரசும். டியூபைச் சாய்த்துப் பிடியுங்கள், மூடியின் உட்பக்கத்தைத் தொடாதீர்கள், இரண்டு மூன்று பீச்சு போதும். எந்தக் காம்பு, என்ன தேதி என்று எழுதி, ஐஸில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். பெங்களூரில் இதற்கு வசதி நிறைய. ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கால்நடை நோய் ஆய்வுக்கான மாநில அரசு நிறுவனமும் அங்கேயே இருக்கிறது. போன் செய்து எத்தனை மணிக்குள் வாங்குவார்கள் என்று கேட்டுக்கொண்டு போனால் சில்க் போர்டு டிராஃபிக்கில் ஐஸ் உருகுவதற்குள் சேர்க்கலாம். என்ன கிருமி என்று சொல்லும் கல்ச்சர் ரிப்போர்ட்டும், எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று சொல்லும் சென்சிட்டிவிட்டி ரிப்போர்ட்டும் சேர்ந்து வர இரண்டு மூன்று நாள் ஆகும், ஒரு நாளுக்கு மேல் காத்திருக்கலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டில் வரும் பெயர்தான் உங்கள் செலவைத் தீர்மானிக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்று வந்தால் சந்தோஷப்படுங்கள், பழைய பென்சிலின் குடும்ப டியூபே அதை அநேகமாக ஒழித்துவிடும். ஆனால் அது மாட்டுக்கு மாடு கறப்பவர் கையால் பரவுவது, ஒரு மாட்டில் இருந்தால் மற்ற மாடுகளையும் பார்க்க வேண்டும். ஈ.கோலை என்று வந்து மாடு நன்றாக இருந்தால், பல நேரம் அது தானாகவே ஒழிந்துவிடும், ஆன்டிபயாடிக் போட்டாலும் போடாவிட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஈஸ்ட் என்றோ புரோட்டோதீக்கா என்றோ வந்தால் எந்த ஆன்டிபயாடிக்கும் உதவாது, முதலாவது பூஞ்சை, இரண்டாவது ஒரு வகைப் பாசி. சுத்தமில்லாமல் டியூப் மேல் டியூபாக ஏற்றியதால்தான் ஈஸ்ட் உள்ளே போயிருக்கவும் கூடும், உடனே நிறுத்துங்கள். மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது, செல்சுவரை உடைக்கும் பென்சிலினும் செஃபலோஸ்போரினும் அதை என்ன செய்யும்? சூடோமோனாஸ் வந்தால் மருந்தைத் தேடுவதற்கு முன்னால் மடி கழுவும் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். டேங்கர் தண்ணீரைப் பிடித்து வாரக்கணக்கில் மூடாமல் வைத்திருக்கும் நீல டிரம் அதற்கு ஏற்ற வீடு, பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகளும் அதனிடம் தோற்றுவிடும்.

எல்லாவற்றிலும் தலைவலி ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ். இது பால் சுரக்கும் திசுவுக்குள் புகுந்து சின்னச் சின்னச் சீழ்க்கட்டி கட்டி, சுற்றி நார்த்திசு வளர்ந்து, மருந்து எட்டாத இடத்தில் உட்கார்ந்துவிடும். கிருமியைத் தின்ன வரும் வெள்ளையணுவுக்குள்ளேயே உயிரோடு இருக்கவும் அதற்குத் தெரியும். பல வகைகள் பென்சிலினை உடைக்கும் நொதியையும் சுரக்கின்றன. லேபில் தட்டில் வளர்த்து மருந்து வைத்தால் "சென்சிட்டிவ்" என்று வரும், மடியில் போட்டால் கேட்காது. லேப் பொய் சொல்லவில்லை, தட்டில் சீழும் இல்லை, கட்டியும் இல்லை, பாலின் கொழுப்பும் புரதமும் கால்சியமும் இல்லை, அவ்வளவுதான் (டெட்ராசைக்ளின் கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு பாதி பலத்தை இழப்பது இப்படித்தான்). ஆகவே ரிப்போர்ட்டில் "ரெசிஸ்டன்ட்" என்று போட்டிருந்தால் அந்த மருந்தைக் கண்டிப்பாகத் தவிருங்கள், "சென்சிட்டிவ்" என்று போட்டிருந்தால் வாய்ப்பு இருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஈத்து, இரண்டாம் ஈத்து மாடு, ஒரே ஒரு காம்பு, புதிதாக வந்த நோய் என்றால் ஸ்டாஃபும் குணமாகும். அப்போது வழக்கமான மூன்று நாளுக்குப் பதிலாக ஐந்து முதல் எட்டு நாள் டியூப் போட்டால் வாய்ப்பு கூடும் என்பதால், டாக்டரிடம் இதை நீங்களே கேளுங்கள். ஐந்தாறு ஈத்து போட்ட மாடு, இரண்டு மூன்று காம்பு, மடியில் தடவினால் கட்டி தட்டுகிறது என்றால் எந்த விலை மருந்தும் பெரும்பாலும் வீண்தான்.

ஊசியா டியூபா என்று கேட்பவர்களுக்கு: காம்பு வழியாக ஏற்றும் டியூபில் மருந்து நேராகப் பாலில் செறிவாக நிற்கும். கழுத்தில் போடும் ஊசி ரத்தம் வழியாகச் சுற்றி மடிக்கு வர வேண்டும், எல்லா மருந்தும் அந்தத் தடுப்பைத் தாண்டுவதில்லை. ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் வகை ரத்தத்திலிருந்து பாலுக்குள் சரியாக வராது, சாதாரண பென்சிலினும் சுமார்தான், டைலோசின் வகை நன்றாக வரும். மாட்டுக்குக் காய்ச்சல் இல்லாத லேசான மடி நோய்க்கு டியூப் மட்டுமே போதும் என்று டாக்டர் சொன்னால், "ஊசியே போடலையே" என்று சங்கடப்பட வேண்டாம். அப்புறம், செஃப்ட்ரையாக்ஸோன், என்ரோஃப்ளாக்ஸாசின் மாதிரி மருந்துகளை முதல் ஆட்டத்திலேயே இறக்காதீர்கள். அந்தக் குடும்பங்களை மனிதர்களின் கடும் நோய்களுக்காகக் காப்பாற்றி வைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே பட்டியல் போட்டிருக்கிறது, ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு அவை பென்சிலினைவிட உசத்தியும் கிடையாது. கொலிஸ்டினை நம் நாட்டில் பால், இறைச்சி, முட்டை தரும் உயிர்களுக்குக் கொடுப்பது 2019 முதல் தடை.

டியூப் போடும் விதத்தில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். முதலில் அந்தக் காம்பை முழுக்கக் கறந்து காலி செய்யுங்கள், திரியும் சீழும் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். கறந்ததைத் தரையில் பீச்சாமல் ஒரு பாத்திரத்தில் பிடித்துத் தூரக் கொட்டுங்கள். காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து ஸ்பிரிட் உலரும்வரை பொறுங்கள். டியூபின் முனையை முழுசாக உள்ளே செருகாதீர்கள், நுனியில் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு நுழைந்தால் போதும். ஆழமாகச் செருகினால் காம்புத் துவாரத்தின் உட்பூச்சு விரிந்து கிழியும், வெளியில் இருந்த கிருமியை நீங்களே உள்ளே தள்ளுவீர்கள். மருந்தை ஏற்றி, காம்பை நுனியில் பிடித்துக்கொண்டு மேல்நோக்கி மெதுவாக நீவிவிட்டு, போவிடோன் அயோடின் டிப்பில் (காம்பை முக்கி எடுக்கும் கிருமிநாசினி) நனையுங்கள். ஒரு டியூப் ஒரு காம்புக்கு மட்டும். பாதி இதில் பாதி அதில் என்று பிரிப்பதும், ஊசி மருந்தை வெறும் சிரிஞ்சில் எடுத்து காம்பில் ஏற்றுவதும் மடிக்குள் ஈஸ்ட்டை வளர்க்கும் வழி.

மூன்று நாள் என்றால் மூன்று நாள். இரண்டாம் நாளே பால் வெள்ளையாகிவிட்டது என்று மிச்ச டியூபை ஃபிரிட்ஜில் வைப்பது ஒரு தப்பு, இரண்டாம் நாளும் திரி வருகிறது என்று வேறு டாக்டரைக் கூப்பிட்டு வேறு மருந்தைத் தொடங்குவது அதைவிடப் பெரிய தப்பு. கிருமி செத்த பிறகும் வீக்கம் வடிந்து திரி நிற்க நாலைந்து நாள் ஆகலாம், மாடு தேறிக்கொண்டும் தின்றுகொண்டும் இருக்கிறதா என்று பாருங்கள், பால் பின்னால் வரும். மருந்தை மாற்றும் ஜோரில் பென்சிலினும் டெட்ராசைக்ளினும் ஒன்றாகப் போய்விடும் ஆபத்தும் உண்டு. பென்சிலின் வளர்ந்துகொண்டிருக்கும் கிருமியின் சுவரைத்தான் உடைக்கும், டெட்ராசைக்ளின் அந்த வளர்ச்சியையே நிறுத்திவிடும், ஒன்று மற்றதன் காலை வாரிவிடும்.

பால் வெள்ளையாகிவிட்டது என்பதால் மட்டும் குணமாகிவிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது. கோர்ஸ் முடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு தடவை சி.எம்.டி. (கலிபோர்னியா மாஸ்டைட்டிஸ் டெஸ்ட்) செய்து பாருங்கள். 1957இல் கலிபோர்னியாவில் வந்த சோதனை, இன்றைக்கும் கொட்டகையில் இதைவிட மலிவான ஒன்று வரவில்லை: நாலு குழி உள்ள தட்டில் காம்புக்கு ஒரு குழியாகப் பால் பீச்சி, அதே அளவு மருந்துநீரை ஊற்றி வட்டமாகச் சுழற்றினால், நோயுள்ள காம்பின் பால் கஞ்சிபோல் கெட்டியாகும். கிருமியோடு சண்டை போட வந்த வெள்ளையணுக்கள் உடைந்து உள்ளே இருக்கும் டி.என்.ஏ. வெளிவருவதால் வரும் கெட்டி அது. மருந்துநீர் கிடைக்காத இடத்தில் 100 மில்லி தண்ணீரில் 3 கிராம் துணி துவைக்கும் பவுடரைக் கரைத்தும் பார்க்கலாம், ஓரளவு சொல்லும். கன்று போட்ட முதல் வாரத்தில் நல்ல மாடும் கெட்டியாகத்தான் காட்டும், அப்போது பயப்பட வேண்டாம். கெட்டியாகிக்கொண்டே இருக்கும் காம்பிலிருந்து மறுபடி லேபுக்குப் பால் அனுப்புங்கள்.

இனி யாருக்கும் பிடிக்காத விஷயம். மருந்து போட்ட நாளிலிருந்து, லேபிளில் போட்டிருக்கும் நாள் முடியும்வரை, நாலு காம்புப் பாலையும் விற்கக் கூடாது. ஒரு காம்பில் போட்ட மருந்து ரத்தத்தில் கலந்து மற்ற மூன்றுக்கும் வரும். லேபிளில் அந்த மருந்துக்கென்று உறுதிசெய்த கெடு இல்லாவிட்டால் பாலுக்குக் குறைந்தது ஏழு நாள் என்று 2012இல் சட்டமே வந்துவிட்டது. காய்ச்சினால் போய்விடும் என்பது வீண் நம்பிக்கை, பென்சிலின் வகை கொதிக்க வைத்தாலும் பெரும்பகுதி அப்படியே இருக்கும். உங்களிடம் நேராகப் பால் வாங்கும் அக்கா ஒருத்தர் "தயிரே உறையலப்பா" என்று சொன்னால், தயிர்க் கிருமியையும் அந்த மருந்து கொன்றிருக்கக்கூடும். அந்தப் பாலைக் கன்றுக்குட்டிக்கும் ஊற்றாதீர்கள், அதன் குடலில் மருந்துக்கு அடங்காத கிருமிகளை நீங்களே வளர்த்துவிடுவீர்கள். நஷ்டம்தான், எனக்கும் தெரியும். அதனால்தான் தேவையில்லாத மருந்தை முதலிலேயே தவிர்க்கச் சொன்னேன், போடாத டியூபுக்குக் கொட்ட வேண்டிய பால் கிடையாது.

கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசுவதைப் பற்றிக் கேட்பீர்கள். 250 கிராம் கற்றாழை, 50 கிராம் மஞ்சள்தூள், 15 கிராம் சுண்ணாம்பு என்று தேசிய பால்வள வாரியமே பரப்பும் முறைதான் அது, மடியில் நாளைக்கு எட்டுப் பத்து தடவை பூச வேண்டும். லேசான நோயில், ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கும் நாட்களில் தாராளமாகச் செய்யுங்கள், பால் வீணாவதில்லை. மடி கழுவித் துடைக்காமல் மஞ்சளோடு கறந்துவிடாதீர்கள். மாடு படுத்துவிட்ட பிறகு பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

மருந்துக்கு அடங்காத மாட்டை என்ன செய்வது? மேல்நாட்டு வழிகாட்டிகள் மந்தையிலிருந்து கழித்துவிடு என்று ஒரே வரியில் முடிக்கும். கர்நாடகத்தில் 2021இல் அமலுக்கு வந்த பசுவதைத் தடைச் சட்டத்துக்குப் பிறகு அது அவ்வளவு லேசு இல்லை, நோயை மறைத்துச் சந்தையில் இன்னொரு ஏழை தலையில் கட்டுவதும் நியாயமில்லை. மிச்சம் இருப்பது இரண்டு வழி. தினமும் மற்ற மாடுகளைக் கறந்த பிறகே அந்த மாட்டைக் கறந்து, ஒரே காம்பு என்றால் டாக்டர் சொல்லும்படி அந்தக் காம்பை மட்டும் வற்றவிடலாம். அல்லது பால் வற்றும் காலம்வரை ஓட்டி, கடைசிக் கறவை முடிந்ததும் நாலு காம்பிலும் நீண்ட நாள் நிற்கும் வற்றுக்கால டியூபைப் போடலாம். அதில் மருந்தின் அளவு அதிகம், கறந்து வெளியே போவதும் இல்லை, ஸ்டாஃப் குணமாவதற்கு இருக்கும் வாய்ப்புகளில் இது நல்ல வாய்ப்பு. நோயே இல்லாத மாட்டுக்கும் பழக்கத்தில் இதைப் போடுவது வேண்டாம், ஐரோப்பாவில் அதை 2022 ஜனவரியிலிருந்து நிறுத்திவிட்டார்கள், காம்பை அடைக்கும் சீலன்ட் மட்டும் போதும்.

தடுப்பு பற்றி நிறைய எழுதலாம், மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை மழையும் சேறுமாக இருக்கும் இந்த ஊரில் முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். கறந்ததும் நாலு காம்பையும் டிப்பில் நனைத்து, உடனே தீவனம் போடுங்கள். மாடு தின்றுகொண்டு அரை மணி நேரம் நின்றால் திறந்திருக்கும் காம்புத் துவாரம் மூடிக்கொள்ளும், சாணியில் உடனே படுக்காது. கட்டைவிரலை மடக்கி இழுத்துக் கறப்பவரை முழுக்கையால் அமுக்கிக் கறக்கச் சொல்லுங்கள். வீடு வீடாகப் போய்க் கறக்கும் ஆள் என்றால் உங்கள் மாட்டைத் தொடுவதற்கு முன் உங்கள் கண் முன்னால் கை கழுவட்டும், சோப்பை நீங்களே வாங்கி வையுங்கள், நோயுள்ள மாட்டை எப்போதும் கடைசியில் காட்டுங்கள். ஒரு நோட்டில் மாட்டின் பெயர், காம்பு, தேதி, கிருமி, போட்ட மருந்து, எத்தனை நாள் என்று எழுதி வைத்தால் அடுத்த தடவை டாக்டர் வரும்போது அதை முதலில் நீட்டலாம்.